பழசு என்றாலே பழுதா?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைக்கு ஒரு கார் எத்தனை ஆண்டு ஓடும் என்பதை அதன் எஞ்சினை விட, அதற்குள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்தான் பல நேரம் முடிவு செய்கிறது. எனவே இதை இங்கே எழுதுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

நான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருக்கிறேன். என்னிடம் இரண்டு கார்கள். ஒன்று, தினமும் ஆபீஸ் போய் வர ஒரு சாதாரண கார். இன்னொன்று, 1991-ஆம் ஆண்டு தயாரான மாஸ்டா எம்.எக்ஸ்-5. இந்த ஊரில் அதை மியாட்டா என்பார்கள். இரண்டே இருக்கை. துணியால் ஆன கூரை. சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் போல மேலே எழும்பும் ஹெட்லைட். நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ரோட்டில் ஓடிக் கொண்டிருந்த வண்டி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரிலிருந்து அப்பா போன் செய்வார். சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்து முடித்ததும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

"என்னப்பா, அந்தப் பழைய வண்டிய இன்னும் விக்கலையா? சம்பாதிக்கிறதை எல்லாம் பழைய இரும்புல கொட்டாதே."

"நல்லாத்தாம்பா ஓடுது."

"இன்னைக்கு ஓடுது. இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?"

இந்தக் கேள்விக்குப் போனில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. யோசித்துப் பார்த்ததில், அது என் காருக்கு மட்டுமான கேள்வி இல்லை என்று தோன்றியது. நீங்கள் நேற்று வாங்கிய டி.வி.க்கும், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும், அடுத்து வாங்கப் போகும் காருக்கும் சேர்த்தே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

முதலில் கவர்ச்சி பற்றிச் சொல்லி விடுகிறேன். 1960-களில் இங்கிலாந்தில் எம்.ஜி., ட்ரையம்ஃப், லோட்டஸ் போன்ற நிறுவனங்கள் சிறிய, எடை குறைந்த, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்து உலகம் முழுக்க விற்றன. ஓட்டுவதற்கு அவ்வளவு இனிமை. ஆனால் மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது, நிறுத்திய இடத்தில் ஆயில் ஒழுகும் என்று கெட்ட பெயரும் உண்டு. 1980-இல் எம்.ஜி.பி., ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இரண்டின் உற்பத்தியும் நின்று போனது.

இவற்றில் ஸ்பிட்ஃபயருக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அதே ஹெரால்டுதான் 1960-களில் மதராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் அந்தக் காரை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆங்கிலேயர்கள் விட்ட இடத்தை ஜப்பானியர்கள் பிடித்தார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா இந்த மியாட்டாவை அறிமுகம் செய்தது. அதே பழைய சூத்திரம்தான்: முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை, இரண்டு இருக்கை, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். அன்றைய ஆரம்ப விலை 13,800 டாலர். 2016 ஏப்ரலில் இந்த வரிசையின் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது.

எஞ்சின் 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன். இன்றைய சாதாரணக் குடும்பக் காரிலேயே இதை விட அதிக சக்தி இருக்கும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே இதில் கிடைக்கும் சந்தோஷம் வேறு. டயர் எதன் மேல் ஏறுகிறது என்பது ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தெரியும். கியர் மாற்றினால், ஏதோ மெஷினின் உள்ளே நேரடியாகக் கை வைத்த மாதிரி இருக்கும். விண்டோஸ் மட்டும் பார்த்தவர் முதல் முறையாக டாஸ் பிராம்ப்ட்டில் ஒரு கட்டளையை அடித்து, அது அப்படியே நடப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த உணர்வு.

ஆனால் உணர்ச்சியை வைத்து மட்டும் ஒரு பொருளை வைத்திருக்க முடியாது. அப்பா கேட்பது நம்பகத்தன்மை பற்றி. அதற்கு வருவோம்.

குளியல் தொட்டிக் கணக்கு

எஞ்சினியரிங் படித்தவர்களுக்குக் குளியல் தொட்டி வளைவு ஞாபகம் இருக்கலாம். ஒரு பொருள் புதிதாக இருக்கும் போது தயாரிப்புக் குறைகளால் பழுதுகள் அதிகம் வரும். பிறகு குறைந்து பல ஆண்டுகள் சமமாகப் போகும். கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் ஏறும். இதை வரைந்தால் குளியல் தொட்டியின் குறுக்கு வெட்டு மாதிரி இருக்கும். என் கார் அந்தத் தொட்டியின் வலது சுவரில் ஏறிக் கொண்டிருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் இந்த வளைவு பாதிக் கதைதான். மீதிப் பாதி, பழுது வந்த பிறகு என்ன ஆகிறது என்பது. சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். ஒன்று, இரண்டு பழுதுகளுக்கு நடுவே சராசரியாக எவ்வளவு காலம் ஓடுகிறது. இரண்டு, பழுதைச் சரி செய்ய எவ்வளவு காலம் ஆகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். முதல் மெஷின் 100 நாளுக்கு ஒரு முறை பழுதாகிறது, ஒரே நாளில் சரியாகிறது. இரண்டாவது மெஷின் 1000 நாளுக்கு ஒரு முறைதான் பழுதாகிறது, ஆனால் சரி செய்ய 100 நாள் ஆகிறது. எது உங்களுக்கு அதிக நாள் உதவும்? முதலாவது 100-க்கு 99 நாள் ஓடும். இரண்டாவது 91 நாள்தான். அடிக்கடி பழுதாகும் மெஷினே இங்கே அதிக நம்பிக்கைக்குரியது!

இதில் மூன்றாவதாக ஒரு மெஷினைச் சேருங்கள். அது பத்து ஆண்டுகள் பழுதே ஆகாது. ஆனால் பழுதானால் சரி செய்யவே முடியாது. வாங்கும் போது கடைக்காரர் இதைத்தான் மிகவும் நம்பகமானது என்பார். பத்து ஆண்டு வரைக்கும் அவர் சொல்வதும் பொய் இல்லை.

ஒன்பது முறை மின்னிய விளக்கு

என் அனுபவம் ஒன்று. போன வசந்த காலத்தில் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஆனாலும் உதறும். பெட்ரோலை வேறு குடித்தது. அருகிலிருந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும், இன்ஜெக்டர்களையும் மாற்றி விடலாம் என்று ஒரு பெரிய பட்டியல் தந்தார்கள். தொகையைப் பார்த்ததும் அப்பா குரல் காதில் கேட்டது.

அன்று இரவு ஒர்க்‌ஷாப் மேனுவலைப் புரட்டினேன். இந்தக் காரில் எஞ்சினைக் கட்டுப்படுத்த ஈ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. ஸ்கேனரோ, லேப்டாப்போ தேவையில்லை. பானெட்டைத் திறந்தால் ஓர் ஓரமாக மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குள் டி.இ.என். என்று ஒரு முனை, கிரவுண்டு என்று ஒரு முனை. இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்ப வேண்டும். டாஷ்போர்டில் உள்ள எஞ்சின் விளக்கு மின்ன ஆரம்பிக்கும். நீண்ட மின்னல் என்றால் பத்து, குறுகிய மின்னல் என்றால் ஒன்று. எண்ணிப் பார்த்து மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டியதுதான்.

எனக்கு ஒன்பது முறை மின்னியது. ஒன்பது என்றால் தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று தெரியாமல் ஈ.சி.யு. குத்துமதிப்பாகப் பெட்ரோலை விட்டுக் கொண்டிருந்தது. எஞ்சினின் பின்பக்கம் கை நுழையாத இடத்தில் அந்த சென்சார் இருக்கிறது. அதன் கனெக்டர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து உடைந்திருந்தது. சில டாலர் செலவு, இரண்டு மணி நேர வேலை, விரலில் இரண்டு சிராய்ப்பு. மறுநாள் காலை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

இதைப் படிக்கும் போது உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரலாம். எனக்கு வந்தது. நான் சிறுவனாக இருந்த போது எங்கள் வீட்டில் ஓர் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருந்தது. திடீரென்று மானிட்டரில் எதுவும் வராது. பீப் பீப் என்று சத்தம் மட்டும் வரும். அப்பா கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரேமை வெளியே எடுத்து, என் அழிரப்பரை வாங்கி அதன் தங்க நிற முனைகளைத் தேய்த்து மறுபடி பொருத்துவார். கம்ப்யூட்டர் ஓடும். பயாஸ் தன் நோயைத் தானே பீப் ஒலியில் சொன்னது. காது கொடுக்கத் தெரிந்திருந்தால் போதும். இந்த வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவரே அப்பாதான்.

தெரிந்த பழுதுகள்

மியாட்டாவின் பழுதுகள் எவை என்பது அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறினால் வெடிக்கப் போகிறது என்று அர்த்தம். துணிக் கூரையின் தண்ணீர் வடியும் துளை அடைத்தால் கதவுக்குக் கீழே உள்ள தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆரம்ப கால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு குட்டை. அதன் முனையில் உள்ள போல்ட் சரியாக இறுக்கப்படாவிட்டால் சாவித் துளை தேய்ந்து எஞ்சினே வீணாகும். முன்னால் உள்ள கப்பியில் எத்தனை வெட்டு என்று எண்ணினால் தெரிந்து விடும். நான்கு என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் பின்னால் வந்த நல்ல மூக்கு. நான் முதலில் பார்க்கப் போன காரில் நான்கு இருந்தது, கப்பியும் ஆடியது. நன்றி சொல்லிவிட்டு வந்து விட்டேன். இரண்டாவதாகப் பார்த்ததில் எட்டு.

சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெரிந்த தவறு பாதித் தவறுதான். பட்டியலில் உள்ள பிழையைப் பார்த்து எந்த புரோகிராமரும் பயப்படுவதில்லை. பட்டியலில் இல்லாததுதான் தூக்கத்தைக் கெடுக்கும். முப்பத்தைந்து ஆண்டு ஓடிய ஒரு கார், உலகின் மிகப் பெரிய பரிசோதனையை முடித்து வந்திருக்கிறது.

இன்னொன்று, உதிரிபாகம். பழைய கார் செத்துப் போவது பெரும்பாலும் பாகம் கிடைக்காமல்தான். இதை நிறுவனங்களே உணர ஆரம்பித்திருக்கின்றன. 2017-இல் மாஸ்டா தன் முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 கார்களை ஜப்பானில் தானே புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. அந்தக் காலத்துத் துணிக் கூரை, மர ஸ்டீயரிங், ஏன், அந்தக் காலத்து டயரைக் கூட மறுபடி செய்து தர ஏற்பாடு செய்தார்கள். அதே ஆண்டில் நிஸ்ஸானும் தன் ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி-ஆர் காருக்கான பாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது.

2 கோடி டாலர் காரும் ஒரு பழைய லேப்டாப்பும்

இப்போது நாணயத்தின் மறுபக்கம். மெக்லாரன் எஃப்1 என்ற கார் 1992 முதல் 1998 வரை மொத்தம் 106 மட்டுமே தயாரானது. அந்தக் காலத்தில் உலகின் மிக வேகமான கார். 2021 ஆகஸ்டில் ஒரு எஃப்1 ஏலத்தில் 2 கோடி டாலருக்கும் மேல் போனது.

இந்தக் காரைப் பராமரிக்க என்ன வேண்டும் தெரியுமா? 1990-களின் நடுவில் வந்த காம்பேக் எல்.டி.ஈ. 5280 என்ற லேப்டாப்! காருடன் பேசும் சாஃப்ட்வேர் டாஸில் எழுதப்பட்டது. அதற்கென்று தனியாகச் செய்த ஒரு கார்டு அந்த லேப்டாப்பில்தான் பொருந்தும். 2016-இல் இந்த விஷயம் வெளியே தெரிந்த போது, பழைய காம்பேக் லேப்டாப்புகளை மெக்லாரன் தேடித் தேடி வாங்கிக் கொண்டிருந்தது. புதிய லேப்டாப்புகளோடு வேலை செய்யும் இணைப்பு ஒன்றை உருவாக்கி வருவதாகவும் அப்போது சொன்னார்கள். காம்பேக் நிறுவனமோ 2002-லேயே ஹெச்.பி.யுடன் இணைந்து விட்டது.

யோசித்துப் பாருங்கள். காயலான் கடையில் கிடக்க வேண்டிய ஒரு லேப்டாப், கோடிக்கணக்கான மதிப்புள்ள காரின் உயிரைக் கையில் வைத்திருக்கிறது. எஞ்சினைத் திறந்து வேலை செய்ய நல்ல மெக்கானிக் எப்போதும் கிடைப்பார். உடைந்த இரும்பை அளந்து, கடைந்து, புதிதாகச் செய்து விடலாம். 2018-இல் போர்ஷே தன் பழைய 959 காரின் கிளட்ச் பாகத்தை முப்பரிமாண அச்சில் செய்து காட்டியது. ஆனால் சோர்ஸ் கோடு தொலைந்து போன சாஃப்ட்வேரை எந்தக் கடைசல் பட்டறையிலும் செய்ய முடியாது.

மெக்லாரனிடம் பணம் இருக்கிறது, சமாளித்து விடுவார்கள். நம்மைப் போன்றவர்கள்? என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என் காரைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் இருபது வயது ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். என்னுடையதை விடப் பத்து வயதுக்கு மேல் இளையது. சக்தி இரண்டு மடங்கு. ஒரு நாள் அதன் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று தண்ணீர் பட்டுச் செத்தது. காயலான் கடையில் அதே மாடல் பெட்டி கிடைத்தது. மாட்டினார், கார் அசையவில்லை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு காரின் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கிறதாம். அதைத் திறக்க நிறுவனத்தின் மெஷின் வேண்டும். டீலரிடம் போனால், பயன்படுத்திய பெட்டிக்குப் பதிவு செய்து தர மாட்டோம் என்றார்கள். புதியது தயாரிப்பில் இல்லை. எட்டு மாதம் வீட்டு முன்னால் நின்றது. கடைசியில் எடைக்குப் போடுவது போல விற்றார். எஞ்சின் நன்றாக இருந்தது. பெயின்ட்டில் கீறல் கூட இல்லை. ஒரு பாஸ்வேர்டு இல்லாததால் செத்த கார் அது.

எதிர்காலம் எப்படி?

எல்லாமே எலக்ட்ரானிக்ஸின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது என் தொழிலுக்கே துரோகம். ஸ்பிட்ஃபயரில் கம்ப்யூட்டரே கிடையாது; கார்புரேட்டரையும் பாயின்ட்டையும் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். என் மியாட்டாவில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதால்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன். என் கவலை, கம்ப்யூட்டர் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதுதான்.

திறந்திருந்தால் வழி உண்டு. ஈ.சி.யு.வின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரு நாள் ஒழுகும். 2000-களில் மதர்போர்டில் உப்பிப் போன கெப்பாசிட்டரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சால்டரிங் அயர்ன் இருந்தால் மாற்றலாம். அதுவும் முடியாவிட்டால் ஆர்டுயினோ போர்டை அடிப்படையாகக் கொண்ட ஸ்பீடுயினோ என்ற ஓபன் சோர்ஸ் ஈ.சி.யு. இருக்கிறது. அதை வைத்தே மியாட்டாவை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி-2 என்ற பொதுவான சாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் இப்போது விற்கும் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இது இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகினால் உங்கள் செல்போனிலேயே எரர் கோடைப் படிக்கலாம். நல்ல விஷயம். ஆனால் அந்த சாக்கெட் எல்லாவற்றையும் சொல்வதில்லை. புகை சம்பந்தப்பட்டதைச் சொல்லும். கதவு, லைட், பிரேக், திரை இவற்றின் பெட்டிகள் பேசுவது அந்தந்த நிறுவனத்தின் தனி பாஷை.

2022-இல் அமெரிக்க செல்போன் நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்திய போது, பல லட்சம் கார்களில் அவசர உதவி அழைப்பு உள்ளிட்ட வசதிகள் வேலை செய்யாமல் போயின. அவற்றில் சில வாங்கி ஐந்தாறு ஆண்டு கூட ஆகாதவை. கார் பழுதாகவில்லை. வெளியே எங்கேயோ ஒரு சேவை நின்றது, அவ்வளவுதான்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக் கொள்கிறது. 2012-இல் மாசசூசெட்ஸ் மாநிலம், டீலருக்குத் தரும் பழுது பார்க்கும் தகவலைக் கார் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தது. 2015-இல் அமெரிக்கக் காப்புரிமை விதிகளில், சொந்தக் காரின் சாஃப்ட்வேரைப் பழுது பார்க்கத் திறப்பது குற்றமல்ல என்று விலக்கு தந்தார்கள். இந்தியாவிலும் 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கும் அதில் அடக்கம்.

என் கருத்து ஒன்றுதான். ஒரு நிறுவனம் ஒரு மாடலுக்கான ஆதரவை நிறுத்தினால், அதன் பழுது பார்க்கும் சாஃப்ட்வேரையும் மேனுவலையும் அன்றைக்கே பொதுவில் விட்டு விட வேண்டும். விற்பனைக்கு இல்லாத பொருளின் சாஃப்ட்வேரைப் பூட்டி வைப்பதால் அவர்களுக்கு வருமானம் இல்லை. நமக்கு மட்டும் நஷ்டம்.

வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவை:

1. அதை உங்களுடைய ஒரே வாகனமாக வைக்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் போக வேறொன்று வேண்டும். இல்லையென்றால் காதல் ஒரே மாதத்தில் கசந்து விடும்.

2. பாதுகாப்பில் பழைய கார் பழைய கார்தான். என் வண்டியில் ஓட்டுநருக்கு மட்டுமே ஏர்பேக். சறுக்கினால் காப்பாற்றும் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. மழையில் நான் வேகமாகப் போவதே இல்லை.

3. வாங்கும் விலையைப் போலவே இன்னொரு தொகையை முதல் ஆண்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள். பெல்ட், டயர், ரப்பர் குழாய்கள், பிரேக் எல்லாவற்றுக்கும் வயதாகியிருக்கும். டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். முன்பிருந்தவர் மாற்றினேன் என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

4. எஞ்சினை விடத் துருவைப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், துருப்பிடித்த உடம்பை மாற்றுவது கடினம். இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள் என்பதால், டிசம்பர் முதல் மார்ச் வரை என் வண்டி வீட்டுக்குள்ளேயே தூங்கும்.

5. கடைசியாக, இந்த இதழின் வாசகர்களுக்கு முக்கியமானது: இதன் பழுதை நானே படிக்க முடியுமா, பாகம் கிடைக்குமா, மேனுவல் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒன்றுக்காவது இல்லை என்றால், புதுக் காராகவே இருந்தாலும் யோசியுங்கள்.

அப்பாவுக்குப் பதில்

போன ஞாயிறு அப்பாவிடம் அந்த ஒன்பது மின்னல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பழைய கம்ப்யூட்டர் மாதிரிதானே?" என்றார்.

"ஆமாப்பா. நீங்க அழிரப்பர் வெச்சுத் தேய்ப்பீங்களே, அதே மாதிரிதான்."

"அந்தக் கம்ப்யூட்டர் பத்து வருஷம் ஓடுச்சு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பிறகு ஞாபகம் வந்தது போல, "அதுக்காக அதுலேயே வேகமா போகாதே" என்றார்.

இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும் என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. என் தினசரி கார், அதைச் செய்த நிறுவனம் விரும்பும் வரை ஓடும். மியாட்டா, நான் விரும்பும் வரை ஓடும். இரண்டும் பழுதாகும். ஒன்றின் சாவி மட்டும்தான் முழுவதும் என் கையில் இருக்கிறது.